கோபுரமும் மினாராவும் ஒரே தெருவில்: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்

மலேசியா, சிங்கப்பூர் போகிறோம், எங்கெல்லாம் போகலாம் என்று ஆபீசிலும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். பெங்களூரிலிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் இருக்கிறது. நாலு மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குள் போக முடிகிறது. டிராவல்ஸ்காரர்கள் நீட்டும் பட்டியல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பத்துமலை வாசலில் ஒரு படம், சென்டோசா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு நான் சொல்வது மூன்று தெருக்களை.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கபித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கும் தெரு. மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ். சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடும் அதற்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள தெலுக் ஆயர் தெருவும் (இதை ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறேன்). இந்த மூன்றிலும் நம் ஊர்க் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கட்டிய கோயிலும் பள்ளிவாசலும், சீனர்கள் கட்டிய கோயிலும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நிற்கின்றன. ஒரு கோயிலைத் தனியாகப் பார்த்துவிட்டு வண்டியேறினால் இந்தச் சங்கதி பிடிபடவே படாது. தெருவை நடந்து பார்க்க வேண்டும்.

இதை நான் பெங்களூர்க்காரர்களிடம் கூடுதல் உரிமையோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1809-ல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காய்ச்சலுக்குப் பயந்து பெங்களூரில் கன்டோன்மென்ட் போட்டது. படையோடு சிப்பாய், சமையல்காரர், தோட்டக்காரர், கொத்தனார், காய்கறி வியாபாரி, துபாஷி எனத் தமிழர்கள் வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். பினாங்கில் பிரான்சிஸ் லைட் 1786-ல் கொடி நாட்டியதும், சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1819-ல் வந்திறங்கியதும் அதே தலைமுறையின் கதை. வேலூர், ஆற்காட்டுப் பக்கம் இருந்தவர்கள் மேற்கே நடந்து வந்தார்கள். நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகூர்ப் பக்கம் இருந்தவர்கள் கிழக்கே கப்பலேறினார்கள். சிவாஜிநகரில் மரியன்னை பசிலிக்காவில் தமிழ்ப் பூசை கேட்டு, ரசல் மார்க்கெட்டில் உருதும் கன்னடமும் தமிழும் கலந்து பேரம் பேசி, ஆடிக் கிருத்திகைக்கு அல்சூர் காவடி பார்த்து வளர்ந்த ஒருவருக்குப் பினாங்கு தெருவில் நடக்கும்போது எல்லாமே பாதி தெரிந்த மாதிரி இருக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியைப் பார்ப்பதில்தான் இந்தப் பயணத்தின் சுகம்.

நானும் அம்மாவும் போனோம். கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்குத் தீவு. பாலம் இருக்கிறது, காரில் போனால் வேகமாகப் போகலாம். இருந்தாலும் ஃபெர்ரியிலேயே போங்கள். ஜார்ஜ் டவுன் ஒரு துறைமுகம் என்பது தண்ணீர் வழியாக வந்தால்தான் மனதில் பதியும்.

கபித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ல் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நிலம் கொடுத்தார்கள். தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கம்பெனி நியமித்த வணிகர் காதர் மொய்தீன் முன்னின்று கட்டினார். இப்போது நாம் பார்க்கும் பெரிய குவிமாடமெல்லாம் நூறு வருஷத்துக்குப் பிற்பட்ட வேலை. அதே சாலையில் வடக்கே நடந்தால் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறும்போது குவான் யின் கோயில் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் போனால் வெள்ளைத் தூண்களோடு 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். பள்ளிவாசலுக்கு ஒரு தெரு தள்ளிக் குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ன் மகாமாரியம்மன் கோயில். சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா.

அந்தத் தர்காவைப் பற்றி நின்று சொல்லியாக வேண்டும். ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். பினாங்கில் இருப்பது அவர் நினைவாகக் கட்டியது. கடல் கடந்து போகிறவர்கள் அவரிடம் நேர்ந்துகொண்டு ஏறினார்கள், இறங்கிய கரையில் அவருக்கு ஓர் இடம் கட்டினார்கள். தர்காவின் வெளிச்சுவரை ஒட்டியே சின்னச் சின்னக் கடைகள். அம்மா அந்தச் சுவரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் பாட்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய கையோடு நாகூருக்கும் காணிக்கை முடிந்து வைத்தவர். தமிழ்நாட்டில் பிறந்த எத்தனையோ குடும்பங்களில் இது இயல்பு. அந்த இயல்பும் அவர்களோடு கப்பலேறி இருக்கிறது.

மாரியம்மன் கோயில் பக்கத்தில் பூக்கடை. கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

“எந்த ஊருக்கா?”

“பெங்களூர்.”

“அங்க தமிழ் பேசுவாங்களா?”

“பாட்டன் காலத்துலேர்ந்து பேசுறோம்பா. உங்களை மாதிரியேதான்.”

“ஓ, அப்ப அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்களா!” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீன அம்மாள் வந்து நின்றார். அவரிடம் ஹொக்கியன் மொழியில் விலை சொல்லி, மாலையைக் கட்டிக் கொடுத்து, பக்கத்துக் கடைக்காரரிடம் சில்லறைக்கு மலாயில் குரல் கொடுத்து, மறுபடி எங்களிடம் தமிழுக்கு வந்தார். கே.ஆர். மார்க்கெட்டிலோ ரசல் மார்க்கெட்டிலோ நம் ஆட்கள் நிமிஷத்துக்கு நாலு மொழி மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் ஒரு சொந்தம் தெரியும். தைப்பூசத்தில் வெள்ளி ரதம் புறப்பட்டுத் தண்ணீர்மலைப் பக்கம் போகும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் தேங்காயைக் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் நிறைய. அந்த மாலையை வாங்கிப் போனவர் எந்தச் சாமிக்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அது அங்கே சாதாரணம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் பினாங்கைத் தாண்ட முடியாது. நாசி கண்டார். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானை, ஒரு பக்கம் கறிப் பானை தொங்க, துறைமுகக் கூலிகளுக்குக் கொண்டுபோய் விற்றது. இன்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வரிசையாக அண்டாக்கள்: மீன் தலைக் கறி, கோழி, மாடு, கணவாய், இறால். வேகவைத்த வெண்டைக்காய் முழுசு முழுசாக ஒரு தட்டில். பொரித்த பாகற்காய். எங்களுக்குப் பரிமாறியவரின் அப்பா கடையநல்லூர்க்காரர்.

“கொழம்பு கலந்து ஊத்தவாம்மா?”

அம்மா தலையாட்டினார். அவர் கரண்டியை மீன் கறியில் முக்கி எடுத்துச் சோற்றில் ஊற்றி, அதே கரண்டியைக் கோழியில் விட்டு, பிறகு கறுப்பாக இனித்துக் கிடந்த சோயா மசாலாவில் விட்டு, மேலே மேலே ஊற்றினார். சோறு குழம்புக்குள் முங்கிப் போனது. ஒவ்வொரு குழம்பும் தனியாக வாயில் பட்டு, பிறகு எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மசாலா, சீனக் கடைச் சோயா, மலாய்க்காரர்களின் தேங்காய்ப்பால், மூன்றும் ஒரு தட்டில் இப்படிச் சேரும் என்று பெங்களூர் மால்களில் “மலேசியன் உணவு” என்று விற்பதை வைத்து ஊகிக்கவே முடியாது.

பினாங்கில் இருக்கும்போது ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு கெடா மாநிலத்துக்குள் பூஜாங் பள்ளத்தாக்கு போய் வாருங்கள். கடாரம் இதுதான். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தோடு கடாரத்தையும் தாக்கியது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. “கடாரம் கொண்டான்” என்று பெருமையாகப் பேசும் நாம், கடாரம் எப்படி இருந்தது என்று போய்ப் பார்ப்பதில்லை. மெர்போக்கில், ஜெராய் மலையடிவாரத்தில், ஓர் ஓடைக்குப் பக்கத்தில் சண்டி புக்கிட் பத்து பஹாட் என்ற கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கருங்கல்லை அடுக்கி மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கருவறை, முன் மண்டபம், மண்டபத்தில் தூண் நட்ட கல் பீடங்கள். பீடத்தில் குழி இருக்கிறது. மேலே மரத் தூணும் கூரையும் நின்றிருந்து மக்கிப் போயின. மழை நாட்டுக்காரர்கள் மரத்தில் கட்டியதும் நம் ஆகமத்து அமைப்பும் கலந்த கட்டடம். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். படையெடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் அது சரக்கு ஏற்றி இறக்கிய ஊர். அதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதும், ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தை எழுதிக் கொடுத்ததும் 1025-க்குச் சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னால்தான். எனக்கு அந்தப் படையெடுப்பைவிட இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பெரிதாகப் படுகிறது. 2013-ல் இந்தப் பகுதியின் பழைய கோயில் அடித்தளம் ஒன்றை வீட்டுமனைக்காக இடித்துவிட்டார்கள். மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் வலியோடு சொல்கிறார்கள். மிஞ்சியிருப்பதைப் போய்ப் பார்க்கிற கூட்டம் கூடினால் அதுவும் ஒரு காவல்தான்.

கோலாலம்பூரைச் சீக்கிரம் தாண்டுகிறேன். பத்துமலைக்கு விடிகாலையில் போங்கள், 272 படியும் வெயிலுக்கு முன் ஏறிவிடலாம். தம்புசாமிப் பிள்ளை வேல் நட்டு வழிபாட்டைத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 2006-ல் வந்த 42.7 மீட்டர் முருகன் சிலையைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். மேலே குகைக்குள் சுண்ணாம்புப் பாறை இடுக்கு வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. உட்காருங்கள்.

பிறகு பேருந்தில் இரண்டு மணி நேரம், மலாக்கா.

மூன்று தெருக்களில் எனக்கு மலாக்காதான் முதலில். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-ல் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. ஆனால் மலாக்கா இன்னும் நாலு நூற்றாண்டு மூத்தது. சுல்தான்களின் ஊர், 1511-ல் போர்த்துக்கீசியர் கைக்கும் 1641-ல் டச்சுக்காரர் கைக்கும் 1824-ல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. ஜாலான் துக்காங் எமாஸ் பொற்கொல்லர் தெரு. அதில் பொய்யாத விநாயகமூர்த்தி கோயில், 1781. டச்சு அரசு கொடுத்த நிலத்தில் எழுந்தது, மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் இந்துக் கோயில்களில் மூத்தது. நாம் நினைக்கும் கோபுரக் கோயில் மாதிரி கிடையாது. வெளியே இருந்து பார்த்தால் டச்சு வீட்டின் சாயல் தெரிகிறது. அதற்கு நாலு வாசல் தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748-ல் மரத்தில் தொடங்கி, பின்னால் செங்கல்லில் கட்டியது.

அந்தப் பள்ளிவாசலின் மினாராவைப் பார்த்தீர்களானால் சீனத்துப் புத்தர் கோயில் அடுக்குக் கோபுரம் என்றுதான் நினைப்பீர்கள். கூரை ஜாவா பாணியில் மூன்று அடுக்குக் கூம்பு. உள்ளே ஐரோப்பியத் தூண்கள், கண்ணாடிச் சரவிளக்கு, சுவரில் வெளிநாட்டு ஓடுகள். ஒளுச் செய்யும் குளத்தில் தண்ணீர் தெளிந்து நிற்கிறது. அப்படியே நடந்தால் ஜாலான் தொக்கோங்கில் பதினேழாம் நூற்றாண்டுச் செங் ஹூன் தெங் கோயில். நாங்கள் போனது மாலையில். பள்ளிவாசலில் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் விநாயகர் கோயில் மணி கேட்டது. பகல் பத்து மணிக்குப் போகிற சுற்றுலாப் பேருந்துக்காரர்களுக்கு இது கிடைக்காது. சாயரட்சை நேரத்துக்குப் போங்கள், பிறகு ஒரு கிண்ணம் செண்டோல் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு நடை நடங்கள்.

மறுநாள் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து தங்கி, அங்கேயே மலாய், சீன, ஜாவாப் பெண்களை மணந்துகொண்ட வணிகர்களின் வழி வந்தவர்கள் மலாக்கா செட்டிகள். செட்டிநாட்டு நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் அவர்களைவிடச் சில நூற்றாண்டு முன்னால் வந்தவர்கள். (விநாயகர் கோயில் இவர்களுடையது; 1960-களில் அதன் நிர்வாகத்தை நகரத்தாரிடம் ஒப்படைத்தார்கள்.) வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். பெயரில் பிள்ளை, நாய்க்கர், செட்டி என்று இருக்கும். சைவத்தை விடவே இல்லை. பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள், அதற்குப் பர்ச்சு என்று பெயர். ஆனி, ஆடிப் பழ சீசனில் இன்னொரு பர்ச்சு: துரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் என அந்த மண்ணின் பழங்களை முன்னோருக்கு வைப்பது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் 1822-ல் எழுந்தது. அம்மை கண்ட காலத்தில் தொடங்கிய அதன் திருவிழாவை டத்தோ சாச்சார் என்கிறார்கள்.

கோயில் வாசலில் ஒரு பெரியம்மாள், கெபாயாவும் நெற்றி நிறையத் திருநீறுமாக. அம்மாவுக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். படையலில் என்ன என்ன வைப்பீர்கள் என்று அம்மா கேட்க, அவர் விரல்விட்டுச் சொல்ல, அம்மா தன் பட்டியலைச் சொல்ல, கால் மணி நேரம் போயிற்று. மொழி போனால் எல்லாம் போச்சு என்று நம்மிடையே ஒரு பயம் இருக்கிறது. பெங்களூரில் என் பிள்ளைகள் தலைமுறை தமிழை எழுதத் தெரியாமல் வளரும்போது எனக்கும் அந்தப் பயம் வரும். தமிழைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் அந்தப் பெரியம்மாளை எந்தக் கணக்கிலும் நம்மவர் இல்லை என்று என்னால் தள்ள முடியவில்லை.

மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்குப் பேருந்திலேயே போகலாம். எல்லையில் இரண்டு தடவை பெட்டியோடு இறங்கி ஏற வேண்டும், ஒன்று மலேசியப் பக்கம், ஒன்று சிங்கப்பூர்ப் பக்கம். வயதானவர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையையும் பள்ளி விடுமுறையையும் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், பெங்களூரிலேயே ஏஜென்ட் மூலம் முன்கூட்டி எடுத்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்கு எல்லோரும் போவீர்கள், அதனால் அதை விடுகிறேன். கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தை மட்டும் தவறவிடாதீர்கள். இனி சவுத் பிரிட்ஜ் ரோடு. ராஃபிள்ஸோடு 1819-ல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டு, கட்டட வேலை எடுத்துப் பெரிய ஆளானவர். நம் கன்டோன்மென்ட் காலத்து ஆற்காடு நாராயணசாமி முதலியாரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வார்ப்பு. நாராயண பிள்ளைக்குக் கோயிலுக்கென்று முதலில் காட்டிய இடம் தெலுக் ஆயர். அங்கே அபிஷேகத்துக்கு நல்ல தண்ணீர் இல்லை. அதனால் சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு மாறி, 1827-ல் பலகையும் ஓலையுமாக மாரியம்மன் கோயில் எழுந்தது. ஒரு வருஷம் முன்னால் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் அதே சாலையில், அடுத்த திருப்பத்தில். இரண்டையும் சுற்றிய தெருக்களுக்கு டெம்பிள் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட் என்று பெயர். நம் கோபுரத்தால் பெயர் பெற்ற பகோடா ஸ்ட்ரீட் இன்று சைனாடவுனின் நடுத்தெரு!

தெலுக் ஆயர் அந்தக் காலத்தில் கடற்கரை. இப்போது கடலைத் தூர்த்து வங்கிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் கப்பல் இறங்கியவர்கள் நன்றி சொல்லக் கட்டியவை வரிசையாக அப்படியே நிற்கின்றன: சீனர்களின் தியன் ஹாக் கெங், தமிழ் முஸ்லிம்களின் நாகூர் தர்கா, குச்சுப் பள்ளி என்று அன்று அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். ஹொக்கியன்காரர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கும் நம்மவர்கள் நாகூராருக்கும் ஒரே கரையில், ஒரே புயலுக்காக நேர்த்திக்கடன் செலுத்தியிருக்கிறார்கள். பினாங்கில் சுவரில் கை வைத்து நின்ற அம்மா இங்கே உள்ளே போய்ப் பார்த்தார். இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு: மழை அங்கே எந்த மாதமும் பெய்யும், அதைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். பண்டிகையைப் பார்த்துக் குறியுங்கள். கூட்டம் பரவாயில்லை என்றால் தைப்பூசத்துக்குப் பினாங்கு. மாசி மகத்துக்கு மலாக்காவில் விநாயகர் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் சன்னாசிமலைக்குப் போகும். தீபாவளிக்கு முன்பாகச் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் தீமிதி. நானும் அம்மாவும் அடுத்து பழப் பர்ச்சுக் காலத்தில் மலாக்கா போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ரம்புத்தானும் மங்குஸ்தானும் சிவாஜிநகரிலேயே இப்போது கிடைக்கிறதே, நம் பாட்டிக்கும் இந்த வருஷம் வைத்துவிடலாம் என்று அம்மா அதற்குள் முடிவு செய்துவிட்டார். துரியானுக்கு மட்டும் எங்கள் அபார்ட்மென்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.